பூசாத சுவர்

அத்தியாயம் 14

ஆவணி ஏழாம் தேதி புது வீட்டில் பால் காய்ச்சுவது என்று இராமகிருஷ்ணன் நாள் குறித்துவிட்டார். அழைப்புப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. வீடுதான் இன்னும் முடியவில்லை.

சிவகாசியில் நாற்பது வருடம் பட்டாசுத் தொழில் செய்தவர் அவர். கம்பெனியை மகன் ஸ்ரீராம்குமாரிடம் ஒப்படைத்து நாலு வருடமாகிறது. இப்போது அவரும் மனைவி பேச்சியம்மாளும் குடியிருப்பது ஊருக்குள் இருக்கும் மாடி வீடு. கீழே ஆபீஸ், மேலே வீடு. ஏறி இறங்க இருபத்திரண்டு படி. இனிமேல் படி வேண்டாம், தரையோடு தரையாக ஒரு வீடு போதும் என்று திருத்தங்கல் எல்லையில் சும்மா கிடந்த மனையில் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

கட்டிக் கொடுப்பவள் மூத்த மகள் ஸ்ரீமதி. விருதுநகரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். பதினெட்டு வருடத்தில் இந்தப் பக்கம் முப்பத்தோரு வீடு கட்டியிருக்கிறாள். அவள் கட்டும் வீடுகளில் உருண்டைத் தூண் இருக்காது, மாடி முகப்பில் மயில் இருக்காது, கண்ணாடி ஒட்டிய எலிவேஷன் இருக்காது. செங்கல் செங்கலாகவே நிற்கும். கான்கிரீட்டில் பலகை பதிந்த தடம் அப்படியே தெரியும். வெயில் எந்த மாதம் எந்த மூலையில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சன்னலுக்கு இடம் குறிப்பாள். குடியிருப்பவர்கள் சித்திரை மாதத்தில்கூட மத்தியானம் ஃபேன் இல்லாமல் தூங்குகிறோம் என்று சொல்வார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள், எப்போது பூசப் போகிறீர்கள் என்று கேட்பார்கள்.

அப்பா அம்மாவுக்குக் கட்டும் இந்த வீட்டில் அவள் செய்த பல காரியங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பேச்சியம்மாளுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு வாடிப்போகிற நோய். முதலில் பக்கவாட்டில் இருப்பது மறையும். மறைந்தது திரும்பாது. நேரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா இலைக்கு வெளியே பருப்பை ஊற்றியதைப் பார்த்துத்தான் ஸ்ரீமதி கண்டுபிடித்தாள். மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டியதும், மாதாமாதம் சொட்டு மருந்து வாங்கித் தருவதும் அவள்தான். அப்பாவிடமும் தம்பியிடமும் மூச்சு விடக் கூடாது என்று பேச்சியம்மாள் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் தன்னை அடுப்புப் பக்கமே விட மாட்டார்கள் என்று பயம்.

நாளை, வியாழக்கிழமை, மறுபடியும் மதுரைக்குப் போக வேண்டும். காரியாபட்டிச் சித்திக்குப் பத்திரிகை வைக்கப் போவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொத்தனார் சுந்தரபாண்டியிடமிருந்து போன் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஸ்ரீமதியோடு வேலை பார்ப்பவர். எதற்கும் பதறாதவர். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சின்ன மொதலாளி வந்துருக்காக, மேடம். டைல்ஸ் லோடு எறங்குது. நடைச் சுவரைப் பூசணும்னு கலவை போட வச்சுட்டாக. நான் என்ன செய்யட்டும்?"

எதுவும் செய்ய வேண்டாம், தான் வரும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னாள் ஸ்ரீமதி. பூசுகிறவர்கள் தன் ஆட்கள் இல்லை, தம்பி வெளியிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்திருக்கிறார் என்றார் சுந்தரபாண்டி. அவள் பாதிக் காப்பியை வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். ஆமத்தூர் தாண்டும்போது இரண்டு முறை தம்பிக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

அந்த வீட்டில் வாசலிலிருந்து நேரே அடுப்படிக்குப் போகும் நடை முப்பதடி நீளம். அதன் இடப்பக்கச் சுவர் முழுக்கப் பூசாத செங்கல். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு வரிசைச் செங்கல் மட்டும் விரலளவு வெளியே நீட்டிக்கொண்டு போகும். கதவு வருகிற இடத்தில் நிற்கும். கதவைத் தாண்டியதும் மறுபடி தொடங்கும். வருகிறவர்கள் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்தார்கள். அந்த வரிசைமேல் விரலை வைத்து நடந்தால் கண்ணை மூடிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடலாம்.

ஸ்ரீமதி உள்ளே நுழைந்தபோது வாசல் பக்கம் ஒரு கை அகலத்துக்கு அந்த வரிசை சிமெண்டுக்குள் மறைந்திருந்தது.

ஸ்ரீராம்குமார் டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றான். சீசன் நேரம். தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏற்றுகிற மும்முரத்தில் அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கே நேரம் கிடையாது. அதற்கு நடுவிலும் விடியற்காலையில் வந்து நின்றிருந்தான். அக்காவைக் கண்டதும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பெட்டியைப் பிரித்து டைல்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினான். வெள்ளையில் சந்தன நிறத்து நரம்பு ஓடியது. பளபளப்பில் அவன் முகமே அதில் தெரிந்தது.

"சொல்லாமச் செஞ்சதுக்குக் கோவிச்சுக்காதக்கா. சொன்னா நீ விட மாட்ட."

ஸ்ரீமதி முதலில் பூச்சை நிறுத்தச் சொன்னாள். அவன் புரியாமல் பார்த்தான். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது என்றான். பட்டாசுக் கம்பெனிக்காரர் வீடு பாதியில் நிற்கிறதே, கை சுருங்கிவிட்டதா என்று ஏஜெண்டுகள் கேட்கிறார்களாம். சுவரைப் பூசி, பட்டி பார்த்து, கறுப்புக் கல் தரைமேல் இந்த டைல்ஸைப் பதித்துவிட்டால் பத்து நாளில் வீடு வீடாகிவிடும் என்றான்.

"இந்தச் சுவரை மட்டும் தொடாத ஸ்ரீராமு. நான் சொல்றேன்ல."

"எதுக்குன்னு சொல்லு. நான் கேட்டுக்கிடுறேன்."

அவளால் சொல்ல முடியவில்லை. சுவருக்கு மூச்சு வேண்டும், சூடு இறங்காது என்று வழக்கமாக மற்றவர்களிடம் சொல்வதைச் சொன்னாள். அது அவனுக்குப் போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"இது பத்திரிகைக்குப் போட்டோ எடுக்குற வீடு இல்லக்கா" என்றான். "அப்பாவும் அம்மாவும் கடைசி வரைக்கும் இருக்கப் போற வீடு."

ஸ்ரீமதிக்கு அது நெஞ்சில் தைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கட்டிய சாத்தூர் வீடு ஒரு பத்திரிகையில் வந்தபோது, இருபது பிரதி வாங்கிச் சிவகாசி முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தவன் இவன்தான். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இந்தப் பேச்சு.

 மூலையில் கிடந்த சாக்கை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துக்கொண்டு வந்து சுவரைத் துடைக்கத் தொடங்கினாள். கலவை இன்னும் இறுகவில்லை. கையோடு வந்தது. பூசிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துக்கொண்டு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். சுந்தரபாண்டி இன்னொரு சாக்கை நனைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்று துடைத்தார். அவள் சேலையிலும் முழங்கை வரைக்கும் சிமெண்ட் ஒழுகியது.

அந்த நேரத்தில்தான் இராமகிருஷ்ணனின் மொபெட் சத்தம் கேட்டது.

எழுபத்தோரு வயதிலும் மொபெட்டை விடாதவர். ஸ்ரீராம்குமார் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். அப்பா யார் பக்கம் பேசுவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆறு மாதமாக இந்த வீட்டைக் குறை சொல்லாமல் அவர் ஒருநாள்கூடத் திரும்பிப் போனதில்லை. வாசலில் படியே வைக்காமல் கட்டினால் மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது என்று கேட்டு ஒரு வாரம் மகளோடு பேசாமல் இருந்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் மகள் ஜெயில் கட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று சிரித்தார்.

அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். டைல்ஸ் பெட்டிகளைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்த செங்கல் வரிசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"லோடைத் திருப்பி அனுப்பிரு, ஸ்ரீராமு."

ஸ்ரீராம்குமார் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதுபோல நின்றான். "நீங்கதானப்பா செயில் மாதிரி இருக்குன்னு சொன்னீக."

"சொன்னேன். இப்பம் வேண்டாங்கேன். எனக்கு இது இப்பிடியே இருக்கட்டும்."

அதற்குமேல் அவன் வாதாடவில்லை. கம்பெனியில் முன்னூறு பேருக்கு முதலாளி என்றாலும் அப்பா ஒரு முடிவு சொன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கையிலிருந்த டைல்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பெட்டிகளை மறுபடி லாரியில் ஏற்றச் சொன்னான். எல்லாம் ஏறி முடியும்வரை வெயிலில் நின்றான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டான்.

ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் குழாயைத் திறந்து ஸ்ரீமதி கை கழுவினாள். இராமகிருஷ்ணன் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். ஏன் அப்பா இப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்.

அவர் தானாகவே சொன்னார்.

"ஒங்க அம்மைக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்மா."

ஸ்ரீமதி குழாயை மூட மறந்து நின்றாள்.

ஒருநாள் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாராம். திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றாள். நல்ல வெளிச்சம். நாற்காலி எதிரில்தான் கிடந்தது. அவள் காலைத் தடவிக்கொண்டே நாற்காலியைத் திட்டினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப்பின் வீட்டில் எந்தச் சாமானையும் அவர் இடம் மாற்றியதில்லை. செருப்பை நடுவில் போட்டதில்லை. மூச்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகப் பொய் சொல்லி, காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். பிறகு துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் சொட்டு மருந்தைப் பார்த்தார். பேரை எழுதிக்கொண்டு போய் மருந்துக் கடையில் கேட்டார். கடைக்காரர் விவரம் சொன்னதும் அங்கேயே ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம்.

"அப்புறம் எதுக்குப்பா ஆறு மாசமா என்கூடச் சண்டை போட்டீக?"

"வாசப்படி இல்லாத வீட்டுக்கு நான் வாயை மூடிட்டுத் தலையாட்டுனா, அவளுக்குச் சந்தேகம் வந்துரும்லா."

ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வருடமாக ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இதைச் சுமந்திருக்கிறார்கள். அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அப்பாவும் அதையேதான் கேட்டார். தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்றார். நாளைக்குக் காரியாபட்டி என்று சொல்லிவிட்டு மதுரைக்குத்தான் போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று தனக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும் என்றார்.

ஸ்ரீமதி சரி என்றாள். 

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மகனுக்கு முகம் கொடுக்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சுந்தரபாண்டியோடு சேர்ந்து கடையில் வாங்கி வந்த புரோட்டாவைச் சாப்பிட்டார். பிறகு அடுப்படிக் குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேச்சியம்மாள் இறங்கினாள். எப்போதும் வரும் ஆட்டோக்காரர்தான். சரிவுப் பாதை தொடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தியிருந்தார்.

காலையில் நடந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ரீராம்குமார் மத்தியானம் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறான். சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்றிருக்கிறான். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டான். பிள்ளை முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. அவனை இரண்டு பேரும் சேர்ந்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் ஏறி வந்தாள்.

வாசலுக்கு வந்ததும் நின்றாள். பூச்சைத் துடைத்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் இளகியது.

"ஆளுக யாரும் இல்லைல்ல?"

மொட்டை மாடியில் மட்டும் வேலை நடக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள் ஸ்ரீமதி. அப்பா அடுப்படியில் இருக்கிறார் என்று அடுத்துச் சொல்வதற்குள் பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் இரண்டு விரலை வைத்து நடக்கத் தொடங்கிவிட்டாள்.

தட்டுத் தடவி நடக்கவில்லை. பத்து வருடம் குடியிருந்த வீட்டில் நடப்பதுபோல நடந்தாள். முதல் கதவு வந்தபோது விரல் காற்றில் போயிற்று. ஒரு எட்டு வைத்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். நடையின் மறுமுனையில் இராமகிருஷ்ணன் வந்து நின்றிருந்தார். குரல் கொடுக்கலாமா, விலகிப் போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றார். ஸ்ரீமதியும் வாசலில் நின்றுவிட்டாள்.

அவருக்கு நாலடி முன்னால் பேச்சியம்மாள் நின்றாள். அவரிடம் எப்போதும் இருக்கும் கோடாலித் தைல வாசம் வந்தது.

"அங்கன யாரு, நீங்களா?"

"ஆமா."

"எம்புட்டு நேரமா நிக்கீக?"

இப்போதுதான் வந்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ரெண்டு வருசமா நிக்கேன், பேச்சி."

அவள் கண்ணைத் திறந்தாள். சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. மொட்டை மாடியில் யாரோ பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்படியானால் சத்தமாக வாசித்த அந்தப் பேப்பர் என்று கேட்டாள். ஒனக்குத்தான் என்றார் அவர்.

"எனக்கு அரசியலு ஒண்ணும் வேண்டாம். ராசிபலனை மட்டும் வாசிச்சாப் போதும்னு எத்தனை நாள் நினைச்சுருக்கேன்."

"சொல்லிருக்கலாம்ல."

"எப்பிடிச் சொல்ல?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். நீ சொன்னாயா என்று மகள் பக்கம் திரும்பினாள். அவள் சொல்லவில்லை என்று இராமகிருஷ்ணன் முந்திக்கொண்டார். பேச்சியம்மாளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது மட்டும் அவள் குரல் சன்னமாகிவிட்டது. இனிமேல் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று சொல்வீர்களா என்றாள். நீ சமைக்காவிட்டால் நான் எங்கே போய்ச் சாப்பிடுவது என்றார் அவர். பிறகு, காய் நறுக்குவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு வெங்காயம் உரித்தறியாதவர்.

அப்போதுதான் ஸ்ரீமதியின் போன் அடித்தது. ஸ்ரீராம்குமாரின் மனைவி கீர்த்திகா.

"மதினி, அவுக வந்ததுல இருந்து யார்கிட்டயும் பேசல. கம்பெனிக்கும் போகல. அங்க என்ன நடந்துச்சு?"

ஸ்ரீமதி வெளியே வந்து, டைல்ஸ் வேண்டாம் என்று அப்பா திருப்பி அனுப்பியதைச் சொன்னாள்.  அதற்குக் கீர்த்திகா சொன்னது ஸ்ரீமதி எதிர்பாராதது.

பொங்கலுக்கு அத்தை தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இங்கே வந்தால் மனசுக்கு வெளிச்சமாக இருக்கிறது, சன்னல் எங்கே, வாசல் எங்கே என்று இந்தத் தரையே சொல்லிவிடுகிறது என்று சொன்னாராம். கீர்த்திகா அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்து கேட்ட ஸ்ரீராம்குமார் மனதில் வைத்துக்கொண்டான். அம்மாவுக்குப் பிடித்த தரை அம்மா வீட்டிலும் இருக்கட்டும் என்று, தன் வீட்டில் பதித்த அதே டைல்ஸை மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கித் தேடியிருக்கிறான். அந்தச் சரக்கு இப்போது வருவதில்லை என்றார்களாம். டைல்ஸ் கம்பெனியிலேயே சொல்லி வரவழைக்க இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

"இதை அவுக ஒங்ககிட்டச் சொன்னாகளா, மதினி?"

சொல்லவில்லை என்றாள் ஸ்ரீமதி. தான் கேட்கவும் இல்லை என்று சொல்ல வந்தது. சொல்லாமல் போனை வைத்தாள்.

உள்ளே பேச்சியம்மாள் கூடத்தில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் மேற்குச் சன்னல் வழியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கடப்பைக் கல் தரை. கண் கூசக் கூடாது என்று பளபளப்பு ஏற்றாமல் ஸ்ரீமதி பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. வெயில் அதில் விழுந்த இடம் தெரியாமல் அமுங்கிப் போயிருந்தது.

ஒரு மாதம் முழுக்க அம்மா வீட்டில் நோட்டும் டேப்புமாக உட்கார்ந்து, அவள் எத்தனை எட்டு வைக்கிறாள், கை எங்கே தேடுகிறது, எந்த மூலையில் தயங்குகிறாள் என்று எழுதி எடுத்தவள் ஸ்ரீமதி. வேறு எந்த வீட்டுக்கும் அப்படி உழைத்ததில்லை. ஆனால் என்ன தெரிகிறது என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அம்மாவுக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்த வீட்டுல ஒனக்கு என்ன தெரியுது? உள்ளதைச் சொல்லு."

பேச்சியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் காய்ந்து சொரசொரவென்று இருந்த கை.

"செவரு எம்புட்டு நல்லா இருக்கு தெரியுமா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "தரைதான்... கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கும்மா. கீள பாத்தா ஒண்ணுமே தெரியல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்யும்போது நான் என்னத்தச் சொல்ல? நீ கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்."

ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் கோபித்துக்கொண்டாலும் தன் கணக்கு சரி என்று நின்றவள். அவளுக்கு இப்போது அழத் தோன்றவில்லை. தம்பி வெயிலில் நின்று பெட்டிகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்த காட்சிதான் கண்முன் வந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த சுந்தரபாண்டியிடம், நாளைக்குக் கூடத்தில் எந்த வேலையும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஸ்ரீராமிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்றாள் பேச்சியம்மாள். போனில் வேண்டாம், நேரில் போவோம் என்றார் இராமகிருஷ்ணன். மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் ஸ்ரீமதியின் காரில் ஏறினார்கள். எப்போதும் கதவைத் தானே தேடித் திறந்து ஏறுகிற பேச்சியம்மாள் அன்றைக்குப் பேசாமல் நின்றாள். அவர் சுற்றி வந்து திறந்துவிட்டார்.

ஸ்ரீராம்குமார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி. விளக்குப் போட்டிருந்தார்கள். கீர்த்திகா வாசலுக்கு வந்து அத்தையின் கையைப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே விலக்கினாள். பெரிய கூடம். சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் தரையில் நீளநீளமாகக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே யாரையும் பிடிக்காமல், எதிலும் இடிக்காமல், குறுக்கே நடந்து மகன் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு எதிரில் போய் நின்றாள். வாசலில் நின்ற ஸ்ரீமதி அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீராம்குமார் எழுந்துகொண்டான். அப்பா, அக்கா, அம்மா என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாரும் சேர்ந்து சமாதானம் பண்ண வந்தீகளாக்கும் என்றான். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"நாளைக்கு மதுரைக்குப் போகணும். நீ கார் ஓட்டணும்" என்றாள் பேச்சியம்மாள்.

சீசன் நேரத்தில் தன்னால் முடியாது, அக்காவைக் கூட்டிப் போகச் சொன்னான். அந்த வீட்டில் எல்லாம் அக்காதானே பார்க்கிறாள் என்று சேர்த்துக்கொண்டான். இராமகிருஷ்ணன் ஏதோ சொல்ல வந்தார். பேச்சியம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். ஒங்கிட்டதான் நான் சொல்லாம இருந்துட்டேன், ஸ்ரீராமு. அது தப்பு. உக்காரு, என் கண்ணைப் பத்திச் சொல்றேன்."

அடுப்படியில் கீர்த்திகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஸ்ரீராம்குமார் உட்காரவில்லை. காலையில் சாக்கை நனைத்துக்கொண்டு வந்த அக்காவின் முகத்தையும், சுவரில் கையை வைத்துப் பார்த்த அப்பாவையும் அவன் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. அம்மாவின் கண்களை, பிறந்ததிலிருந்து பார்த்த அந்தக் கண்களை, அவன் முதல் முறையாக உற்றுப் பார்த்தான்.